மாங்காய்: ஒரு சொல்லின் வரலாறு

மாங்காய் என்பது மாமரத்தின் பழுக்காத காய். ஆங்கிலத்தின் 'மேங்கோ', போர்த்துகீசியத்தின் 'மங்கா', மலாயின் 'மங்கா', தகலாகு மொழியின் 'மங்கா' ஆகியவை எல்லாம் இந்தச் சொல்லின் வழிவந்தவை. அந்த மொழிகள் எல்லாவற்றிலும் அது பழுத்த பழத்தையும் குறிக்கிறது. தமிழ் காயையும் பழத்தையும் இரு சொற்களால் பிரித்துவைக்க, வெளியே போனதில் பெரும்பங்கு காயின் பெயருக்கே கிடைத்தது.

சொல்லின் அமைப்பு எளிது. மா என்பது மரம். அதனோடு காய் சேரும்போது இடையில் மெல்லெழுத்துத் தோன்றி மாங்காய் ஆகிறது. பழம் சேர்ந்தால் மாம்பழம். பேச்சில் யகர ஒற்று உதிர்ந்து 'மாங்கா' என்றே ஒலிக்கும். கடல் கடந்தது இந்தப் பேச்சு வடிவம்தான். தனித்து நிற்கும் 'மா'வுக்குத் தமிழில் வேறு பொருள்களும் உண்டு: விலங்கு, பெரிய, இருபதில் ஒரு பங்கு, வேலியில் இருபதில் ஒன்றான நில அளவு. ஈழத்தில் அரைத்த மாவும் மாதான்.

கிழக்கே சென்ற வரலாறு வளமானது. மலாயில் இந்தக் கனிக்கு மூன்று அடுக்காகப் பெயர்கள் கிடக்கின்றன. 'பாவுஹ்' என்பது ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் சொந்தச் சொல். பிலிப்பைன்ஸில் ஒரு காட்டு மாவைக் குறிக்கும் 'பாஹோ'வும் பாலித் தீவின் 'போ'வும் அதன் உறவுகள். 'மெம்பெலம்' நம் மாம்பழம். வட மலேசியாவில் அது சுருங்கிப் 'பெலம்' என வழங்குகிறது. மூன்றாவதான 'மங்கா' மாங்காயிலிருந்து வந்தது. ஒரே மரத்தின் காய்ப் பெயரும் பழப் பெயரும் தனித்தனியே ஒரு மொழிக்குள் குடியேறியிருப்பது, தமிழர் அங்கே வெறும் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பவில்லை, சந்தையில் உட்கார்ந்து பேசிப் பழகினார்கள் என்பதற்கு நல்ல சான்று. சுமாத்திராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அந்தப் பழக்கத்துக்குக் கற்சாட்சி. கப்பல் 'காபால்' ஆனதும் கடை 'கெடாய்' ஆனதும் இதே தொடர்பால்தான்.

பசிபிக்கின் உட்பகுதிக்கு இந்தச் சொல் பிந்தி, ஐரோப்பியர் வழியே போனது. ஹவாய் மொழி ஆங்கிலச் சொல்லைத் தன் ஒலிக்கு இணக்கி 'மனகோ' என்கிறது. தஹித்தி கடன் வாங்கவே இல்லை. தனக்குத் தெரிந்த வேறொரு கனியின் பெயரான 'வீ'யை மாவுக்கும் நீட்டிக்கொண்டது.

மேற்கில் முதல் பதிவு 1510இல். இத்தாலியப் பயணி லுதோவிகோ தி வர்த்தெமா தம் பயண நூலில், கோழிக்கோட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மங்கா என்ற பெயரைக் குறித்தார். போர்த்துகீசியர் அதை மலையாள 'மாங்ங'விலிருந்து எடுத்தார்களா, மலாய் 'மங்கா'விலிருந்து எடுத்தார்களா என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. இரண்டு மொழிகளும் வழங்கிய கரைகளில் அவர்கள் இருந்ததால் இரண்டுக்குமே இடம் உண்டு. ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. 1753இல் லின்னேயஸ் மரத்துக்கு 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்று பெயர் சூட்டினார். மாங்காய் தாங்குவது என்று பொருள். அறிவியல் பெயருக்குள்ளும் நம் 'காய்' ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் பொருள் இன்னும் விநோதமாகத் திரிந்தது. பழம் கப்பலில் தாங்காது. உப்பிலும் காடியிலும் ஊறிய காய்தான் ஆங்கிலேயரையும் அவர்களின் குடியேற்றங்களையும் எட்டியது. அதனால் 'மேங்கோ' என்றாலே ஊறுகாய் என்றானது. 1796இல் வெளியான அமீலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி' நூலில் முலாம்பழத்தை 'மேங்கோ'வாக ஊறவைக்கும் முறை இருக்கிறது. பிறகு காரமசாலா அடைத்து ஊறவைத்த குடைமிளகாய்க்கும் அந்தப் பெயர் ஒட்டியது. ஒஹாயோ, இண்டியானா பகுதிகளின் பழைய தலைமுறையினர் பச்சைக் குடைமிளகாயையே 'மேங்கோ' என்று அழைத்தார்கள். காய் என்ற பொருளுக்கு அறியாமலே அவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்!

ஒலி ஒத்தும் உறவில்லாதவை பல. மவோரியில் 'மங்ஙா' கிளை, ஓடை. மலகாசியில் 'மங்கா' மாம்பழத்தையும் நீல நிறத்தையும் குறிக்கும், நிறத்துக்கும் மாவுக்கும் தொடர்பில்லை. போர்த்துகீசியத்தில் 'மங்கா' சட்டையின் கையும் ஆகும். ஸ்பானிய 'மங்கோ' கருவியின் கைப்பிடியும் ஆகும். இரண்டும் லத்தீனில் கையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. ஜப்பானின் 'மங்கா' படக்கதை, சீன எழுத்துகளால் அமைந்த சொல். மங்குஸ்தான் மலாய்ப் பெயரின் வழி வந்தது; அந்த மரத்துக்கும் மாவுக்கும் உறவே கிடையாது. இவற்றையும் தமிழ் என்று கூறிப் பெருமை தேடுவோர் உண்டு. உண்மையான வரலாறே போதுமான பெருமை தரும்போது பொய்க்கு என்ன தேவை?

மாவின் பல பெயர்களும் ஒரே தெருவில் கேட்கும் இடம் டெக்சஸில் இருக்கிறது. ஹூஸ்டனின் தென்மேற்கே, ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டிய தெற்காசியக் கடைத்தெருவுக்கு 2010 ஜனவரியில் மகாத்மா காந்தி மாவட்டம் என்று மாநகராட்சி பெயரிட்டது. குஜராத்தியர் 'கேரி' என்பார்கள், இந்திக்காரர் 'ஆம்', தெலுங்கர் 'மாமிடி', அக்கம்பக்கத்து ஸ்பானிய மொழியினர் 'மங்கோ'. அமெரிக்கச் சந்தைக்கு வரும் மாம்பழத்தில் பெரும்பகுதி மெக்சிகோவுடையது. இந்தியப் பழத்துக்கு நெடுங்காலம் அனுமதி இல்லை. பூச்சிகள் பற்றிய அச்சமே காரணம். நாசிக் அருகே லாசல்காவில் குறைந்தது 400 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட அல்போன்சா, கேசர் வகை மாம்பழங்கள் 2007 ஏப்ரலில்தான் அமெரிக்காவில் இறங்கின. இன்றும் அந்த அட்டைப்பெட்டிகளில் கதிர்வீச்சைக் குறிக்கும் வட்டத்துக்குள் பூ முத்திரை இருக்கும்.

ஊறுகாய்க்கு வாங்கும் காயை அங்கே 'கிரீன் மேங்கோ' என்கிறார்கள். மாங்காய்க்கு முன்னால் இன்னொரு காய் அடைமொழி! ஆங்கில–தமிழ் அகராதிகள் 'மேங்கோ'வுக்கு மாம்பழம் என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. மாங்காய் என்ற மூலத்தையும் அதே வரியில் அச்சிட வேண்டும்.