நட்சத்திர ஆட்டக்காரரைத் தடை செய்தால் யாருக்கு நஷ்டம்?

பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால்தான் எனக்குக் கிரிக்கெட் வரலாறு ஞாபகம் வரும். போன வாரம் படித்தது ‘கூட்டுப் பேரம்’. அதாவது தொழிலாளர்கள் தனித்தனியாகப் போகாமல், சங்கமாகச் சேர்ந்து முதலாளியிடம் பேசுவது. புத்தகத்தில் எல்லாம் ஆலை உதாரணம்தான். காஞ்சிபுரத்துக்காரனுக்கு அது தேவையே இல்லை. சேலையில் குறை என்று கூலியில் பிடித்துவிட்டால், நெசவாளி தனியாகப் போய்க் கேட்டால் ஒரு பதில் வரும், பத்துப் பேர் சேர்ந்து போனால் வேறு பதில் வரும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்போதுதான் யோசித்தேன். ஊரே கொண்டாடும் விளையாட்டு வீரருக்கும் இதே நிலைமைதானா? வரலாற்றைப் புரட்டினால் ஆமாம் என்றுதான் தெரிகிறது.

முதலில் 1936. லாலா அமர்நாத் 1933 டிசம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 118 ரன் அடித்தவர். இந்தியாவின் முதல் டெஸ்ட் சதம் அது, அவருக்கு அதுதான் முதல் டெஸ்ட்டும். 1936-ல் இங்கிலாந்து போன அணிக்குத் தலைவர் விஜயநகரம் மகராஜ்குமார். ஆட்டத் திறமையை விடப் பணத்தாலும் செல்வாக்காலும் அந்தப் பதவிக்கு வந்தவர். லார்ட்ஸில் மைனர் கவுண்டீஸ் அணியுடன் ஆட்டம். பேடு கட்டிக் காத்திருந்த அமர்நாத்தை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை முன்னால் அனுப்பினார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் அவர் முறை வந்தது. திரும்பி வந்தவர் கோபத்தில் ஓய்வறையில் பொருட்களை வீசி, பஞ்சாபியில் திட்டித் தீர்த்தார்.

அவ்வளவுதான், முதல் டெஸ்ட்டுக்கு முன்பே அவரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அந்தப் பயணத்தில் அதுவரை 600 ரன்னுக்கு மேல் எடுத்து, 32 விக்கெட்டும் சாய்த்திருந்தவர்! மூன்று டெஸ்ட்டில் இரண்டில் இந்தியா தோற்றது. பிறகு பியூமண்ட் குழு விசாரித்து, தலைவர் அணியை நடத்திய விதத்தையே குறை சொன்னது. ஆனால் என்ன பயன்? உலகப் போர் வந்து, 1946 வரை இந்தியாவுக்கு டெஸ்ட்டே இல்லை. பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் கேப்டனாக அமர்நாத் ஆஸ்திரேலியா போனார் என்பது உண்மை. ஆனாலும் இழந்த ஆட்டங்கள் இழந்தவைதான்.

அடுத்து 1974. பிஷன் சிங் பேடி இங்கிலாந்துப் பயணத்தின்போது தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார் என்று, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான பெங்களூர் டெஸ்ட்டில் அவரை ஆட விடவில்லை. இந்தியா 267 ரன்னில் தோற்றது. நியாயமாகச் சொன்னால், அவர் திரும்பி வந்த டெல்லி டெஸ்ட்டிலும் தோல்விதான். அதனால் அவர் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. குற்றம் சாட்டியது வாரியம், தீர்ப்புச் சொன்னதும் அதே வாரியம்.

மூன்றாவது 1989. மேற்கிந்தியத் தீவுகளில் தோற்ற நம் வீரர்கள் சிலர், அங்கிருந்து அமெரிக்கா போய்க் காட்சிப் போட்டிகளில் ஆடினார்கள். அனுமதி இல்லாமல் போனார்கள் என்று கேப்டன் வெங்சர்க்கார், கபில்தேவ், ரவி சாஸ்திரி, அசாருதீன், கிரண் மோரே, அருண் லால் ஆகிய ஆறு பேருக்கும் வாரியம் ஓர் ஆண்டு தடை விதித்தது. இந்த முறை விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தடையும் விலகியது.

அந்தத் தடை நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே நவம்பரில் நம்ம ஸ்ரீகாந்த் தலைமையில் அணி பாகிஸ்தான் போனது. கராச்சியில் சச்சினுக்கு முதல் டெஸ்ட், கபிலுக்கு 100-வது டெஸ்ட். பைசலாபாத்தில் அசாருதீன் சதம் அடித்தார். நான்கு டெஸ்ட்டும் டிரா. சில மாதத்தில் அசாருதீனே கேப்டன்! ஆனால் எல்லாருக்கும் நல்லபடி முடியவில்லை. வெங்சர்க்கார் மறுபடி கேப்டன் ஆகவில்லை, அருண் லால் மறுபடி டெஸ்ட்டே ஆடவில்லை.

அமர்நாத் தனி ஆள், இவர்கள் ஆறு பேர். வித்தியாசம் புரிகிறதா?

சரி, வலுவான சங்கம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கு அமெரிக்கக் கால்பந்தைப் பார்க்கலாம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிராடி. (பந்தை யாருக்கு வீசுவது என்று முடிவு செய்து ஆட்டத்தையே நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக்.) பந்தில் காற்றைக் குறைத்த விவகாரத்தில் 2015-ல் அவருக்கு நான்கு ஆட்டத் தடை விழுந்தது. அவருக்காக வீரர்கள் சங்கமே வழக்கு நடத்தியது. 2015 செப்டம்பரில் கீழ்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டில் தோற்றார்கள். காரணம் ரொம்ப எளிது. தண்டிக்கும் அதிகாரத்தையும் அப்பீலை விசாரிக்கும் அதிகாரத்தையும் லீக் தலைவருக்கே கொடுத்து, 2011 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இதே சங்கம்தான்!

பிராடி இல்லாத நான்கு ஆட்டத்தில் அணி மூன்றில் ஜெயித்தது. அந்தப் பருவத்தின் சூப்பர் பவுல் கோப்பையையும் 2017 பிப்ரவரியில் தூக்கியது. ஆக, அணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அடி வாங்கியது சங்கம். ஆனால் அது சும்மா இருக்கவில்லை. 2020-ல் போட்ட புதிய ஒப்பந்தத்தில், தனிப்பட்ட நடத்தை பற்றிய புகார்களை முதலில் இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் அதிகாரி விசாரிப்பார் என்று மாற்றினார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு நட்சத்திரம் இல்லாத குறையை அணி எப்படியோ சமாளித்துவிடும், யாராவது அந்த இடத்தில் இறங்குவார்கள். ஆனால் அவரை எந்த முறையில் தண்டித்தார்கள் என்பதுதான் நாளைக்குப் பெயர் தெரியாத பையனுக்கும் விதி ஆகிறது. பிராடியிடம் வக்கீலுக்குப் பணம் உண்டு. ரஞ்சி டிராபி ஆடும் பையனிடம் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் 2002-ல் பட்டோடி தலைமையில் வீரர்கள் சங்கம் ஒன்று தொடங்கினார்கள், நிலைக்கவில்லை. அதன் செயலாளர் யார் தெரியுமா? 1989-ல் தடை வாங்கிய அதே அருண் லால். பட்டவனுக்குத்தானே தெரியும்! லோதா குழுவின் சீர்திருத்தத்தால் 2019-ல் இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் வந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அது ஓய்வு பெற்றவர்களுக்கான சங்கம். தடை விழுவதோ ஆடிக்கொண்டிருப்பவர்கள் மேல்!

எங்கள் தெரு நெசவாளிக்குத் தெரிந்த பாடம் இது. பத்துப் பேராகப் போக வேண்டும். போவதற்கு முன்னால், எதில் கையெழுத்துப் போட்டோம் என்று படித்தும் பார்க்க வேண்டும்.

சரி, நான் போய் மிச்சப் பாடத்தைப் படிக்கிறேன் :)