தியேட்டரில் தோற்று, வீட்டில் ஜெயித்த படங்கள்

வலங்கைமான் என்றதும் பாடைக் காவடியும் பட்டாசும்தான் ஞாபகம் வரும். சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனால் தியேட்டர் சொன்ன தீர்ப்பை வீட்டு டிவி எப்படி மாற்றியது என்பதை இது மாதிரி சின்ன ஊர்களில்தான் நன்றாகப் பார்க்க முடிந்தது.

சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. டெல்டா கிராமங்களுக்குப் படம் தெளிவாகத் தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. கடலோரப் பக்கம் உயரமாக ஆன்டெனா கட்டி, 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு வந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம். தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டின் கூடமும் திண்ணையும் நிரம்பி வழியும். கல்யாணம், காதுகுத்து என்றால் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம்! 1993-ல் சன் டிவி, அப்புறம் சிடி, 2006-ல் அரசின் இலவச கலர் டிவி... கடைசியில் குடிசைக்குள்ளும் சினிமா வந்துவிட்டது.

இதில் பிழைத்துக்கொண்டவை சில நல்ல படங்கள். வீணை எஸ்.பாலசந்தர் இயக்கி 1954-ல் ஏவிஎம் எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டு கூடக் கிடையாது. படம் ஆரம்பிக்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அதுவும் தேசத்துரோகி வேஷம்! பாட்டையும் கூத்தையும் நம்பிக் காசு கொடுத்து வந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. படம் சரியாக ஓடவில்லை. அதையே ஐம்பது வருஷம் கழித்து டிவியில் பார்த்தவர்கள், கொலைகாரன் யார் என்று தெரியும்வரை எழுந்திருக்கவில்லை. வீட்டில் டிக்கெட் காசு போச்சே என்ற வருத்தம் இல்லை அல்லவா?

'அன்பே சிவம்' கதை இன்னும் சோகம். 2003 பொங்கலுக்கு வந்தது. அதே பொங்கலுக்கு வந்த 'தூள்' பிய்த்துக்கொண்டு ஓட, இது படுத்துவிட்டது. தழும்பு முகமும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக வரும் கமலை அன்று யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். முதல் தடவை பாதியில் சேனல் மாற்றியவர், மூன்றாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்று அந்தப் படத்தைத் திட்டுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வணிகவியல் கணக்கில் இது லாபமே இல்லை. பாராட்டு ஜனங்களிடமிருந்து வந்தது, நஷ்டம் தயாரிப்பாளர் ஏட்டிலேயே நின்றது. ஓசியில் பார்த்துவிட்டு 'இதையா ஓடவிடாமல் பண்ணினாங்க' என்று கேட்பது சுலபம்.

தஞ்சைக்காரர்களுக்கு நெருக்கமானது செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. தஞ்சையிலிருந்து தூதன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கும் சோழர்களின் கதை. 2010 பொங்கலுக்கு வந்தபோது 'ஒண்ணும் புரியலை' என்றார்கள். டிவியிலும் கம்ப்யூட்டரிலும் பார்த்தவர்கள் நிறுத்தி நிறுத்தி, வசனத்தைத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். தியேட்டரில் அது நடக்காத காரியம். 2021 டிசம்பர் 31-ல் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தது. முதலில் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பசங்க, ஏற்கனவே வீட்டில் பத்து தடவை பார்த்த படத்துக்கு இந்தத் தடவை காசு கொடுத்து டிக்கெட் எடுத்தார்கள்.