கயிறு இல்லாமல் ஒரு ஏற்றம்

புதுச்சேரியில் மலை கிடையாது. கடற்கரைச் சாலையில் எவ்வளவு நேரம் நின்றாலும் தண்ணீர்தான் தெரியும். ஆனால் மேற்கே சுமார் 70 கி.மீ. போனால் செஞ்சி! ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கோட்டை இது. அதற்கு முன் முகலாயப் படை இதைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை எட்டு வருடம் காத்துக் கிடந்தது. மதில் மட்டும் காரணம் இல்லை. செங்குத்தான பாறையே பாதி மதில். அதில் எவன் ஏறி வரப்போகிறான் என்பதுதான் கோட்டை கட்டியவர்களின் கணக்கு.

இதே கணக்கில் எழுந்த இன்னொரு கோட்டை கர்நாடகத்தின் சித்ரதுர்கா. ஏழு சுற்று மதில். 1779-ல் ஹைதர் அலி இதை நாயக்கர்களிடமிருந்து பிடித்தார். அந்த மதிலில் கயிறு, கொக்கி எதுவும் இல்லாமல் ஏறி இறங்கிப் புகழ் பெற்றவர் ஜோதிராஜ். நம்ம தேனி மாவட்டத்தில் பிறந்தவர்! கன்னடத்தில் "கோத்தி ராஜ்" என்கிறார்கள். கோத்தி என்றால் குரங்கு.

வாழ்க்கை வெறுத்துப் போய், உயிரை விடத்தான் அந்தப் பாறைக்குப் போனதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு குரங்கு ஏறுவதைப் பார்த்து அவரும் ஏறினார். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். சாகப் போன இடத்தில் வாழ ஒரு காரணம் கிடைத்தது. விரல் நுனி நுழையும் அளவு இடுக்கு இருந்தால் போதும், உடம்பு மேலே போய்விடும். 253 மீட்டர் உயரமுள்ள ஜோக் அருவிப் பாறையிலும் ஏறியிருக்கிறார்.

ஆனால் 2018-ல் அதே ஜோக் அருவியில், ஒருவரின் உடலைத் தேடிப் போனவர் தானே காணாமல் போனார். மறுநாள்தான் உயிரோடு மீட்டார்கள். நன்றாகத் தெரிந்த பாறையும் ஒரு நாள் கையை விட்டுவிடும்.

உலகத்தில் இந்தக் கதை புதிதல்ல. ஆஸ்திரியாவின் பால் ப்ராய்ஸ் 1911-லேயே கயிறையும் ஆணியையும் நம்பி ஏறக்கூடாது என்று வாதாடினார். எந்தப் பாறையில் கயிறில்லாமல் இறங்க முடியுமோ, அதில்தான் ஏற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1913 அக்டோபரில் தனியாக ஏறியபோது விழுந்து இறந்தார். வயது 27.

அமெரிக்காவின் ஜான் பாக்கர் இன்னொரு ரகம். ஒரே ஒரு நாள் முழுக்கத் தன் பின்னால் கயிறில்லாமல் ஏறி வருபவருக்கு 10,000 டாலர் தருவதாக 1981-ல் அறிவித்தார். ஒருவரும் வரவில்லை! அவர் 2009-ல் இறந்தது பெயர் பெற்ற பெரிய மலையில் அல்ல. தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாறையில்.

அப்படியானால் அலெக்ஸ் ஹானல்ட்? 2017 ஜூன் 3 அன்று சுமார் 3,000 அடி உயரமுள்ள எல் கேப்பிட்டன் பாறையில் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். எல்லோரும் பேசுவது இதைத்தான். அதற்கு முன் அதே பாதையில் கயிறு கட்டிக்கொண்டு எத்தனையோ முறை ஏறி, பிடிகளை மனப்பாடம் செய்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 2016-ல் ஒரு முறை கயிறில்லாமல் தொடங்கி, மனசு சரியில்லை என்று பாதியிலேயே திரும்பிவிட்டார். கேமராக்கள் காத்திருந்தன. இருந்தும் திரும்பினார்.

அந்த 3 மணி 56 நிமிடத்தை விடப் பெரிய துணிச்சல் இதுதான். கயிறோடு ஏறுபவருக்குத் தவறு என்றால் ஒரு சிராய்ப்பு. கயிறில்லாதவருக்கு நூறு முறை சரியாகச் செய்ததெல்லாம் நூற்றியோராவது முறைக்கு ஈடு ஆகாது. அந்த வரவு செலவில் கடன் வசதி கிடையாது.

செஞ்சிக்குப் போகும் நண்பர்களே, படியில் ஏறுங்கள். உச்சியில் நல்ல காற்று வரும். ஒரு போட்டோவுக்காகப் பாறை விளிம்புக்கு மட்டும் போக வேண்டாம். பாறையை நேசித்தவர்களே கடைசியில் கற்றுக்கொண்டது திரும்பி வருவதைத்தான்.