அச்சமும் குமட்டலும் தலைச்சுற்றும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

"வயிற்றிற் புளியைக் கரைத்தது" என்று நம்மவர் கூறும்போது அவர்கள் குறிப்பது அச்சத்தையேயன்றி அசீரணத்தையன்று. அடிவயிறு கலங்குதல், தலை கிறுகிறுத்தல், கண் இருண்டு வருதல் முதலிய வழக்குகள் யாவும் உள்ளத்து நிகழ்ச்சியை உடலின்மேல் வைத்துப் பேசுவன. பரீட்சை நாளன்று காலையுணவைக் கையால் தொடவும் இயலாதிருந்த மாணவன் ஒருவனையேனும் அறியாத பல்கலைக்கழக விடுதி இருத்தல் அரிது. பேச்சு வழக்கு இத்துணை இயல்பாக ஏற்றுக்கொண்ட இவ்வுண்மை, மேனாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் இடர்ப்பட்டே இடம்பெற்றது. குமட்டலோடும் தலைச்சுற்றோடும் வந்தவரிடத்து மருத்துவர் ஓர் உறுப்பின் பழுதைத் தேடினர். பழுது காணப்படாதபோது, நோயாளியின் சொல்லையே ஐயுற்றனர். இவ்விரு நிலைகளுக்குமிடையே வேறொரு விளக்கம் படிப்படியாக உருவாகிய வரலாற்றின் சில கட்டங்களை ஈண்டு நோக்குவோம்.

முதலில் இரைப்பையை எடுத்துக்கொள்ளலாம். 1822 யூன் 6ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மக்கினோ தீவில், தற்செயலாக வெடித்த துப்பாக்கியொன்று அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் பிரெஞ்சுக் கனடிய இளைஞனின் விலாவையும் இரைப்பையையும் துளைத்தது. உரோம வாணிகக் கம்பனியொன்றின் கூலியாளான அவனை, அங்கிருந்த படை மருத்துவர் வில்லியம் போமொன்ட் பிழைக்கவைத்தார். ஆயின் இரைப்பையிலிருந்து வெளியே திறந்த துவாரமொன்று மூடாமலே நின்றுவிட்டது. அதனூடாக உணவுத் துண்டுகளை நூலிற் கட்டி இறக்கியும், சமிபாட்டுச் சாற்றை வெளியே எடுத்தும், 1825 முதல் 1833 வரை இடையிட்டுப் போமொன்ட் சோதனைகள் நடத்தினார். 1833 இல் அவர் வெளியிட்ட நூல் சமிபாட்டைப் பற்றியதே. எனினும், அச்சமோ சினமோ மேலிட்ட வேளைகளில் இரைப்பையின் உட்சுவர் சிவந்து உலர்வதையும், சில வேளைகளில் வெளிறுவதையும், சாறு சுரப்பது குன்றுவதையும் அவர் அதிலே பதிந்துள்ளார். உள்ளத்தின் கலக்கம் இரைப்பையை மாற்றுவதை ஒருவர் தம் கண்ணாற் கண்டு எழுதிய குறிப்புகளுள் இவை முதன்மையானவை. அச்சினத்திற்குக் காரணமாய் இருந்தவர் பல வேளைகளிற் போமொன்ட்டேயாகலாம். ஏனெனில், அவ்வறிய இளைஞன் அவரது வீட்டு வேலையாளாகவும் ஒப்பந்தத்தாற் பிணிக்கப்பட்ட சோதனைப் பொருளாகவும் ஒருங்கே இருந்தவன். 1880 இல் அவன் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வராதிருக்கும் பொருட்டு, அது அழுகும்வரை வைத்திருந்து ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர் குடும்பத்தார். மருத்துவ வரலாற்று நூல்கள் போமொன்ட்டின் பொறுமையைப் புகழுமளவிற்கு சென் மாட்டினின் பொறுமையைப் புகழ்வதில்லை.

போமொன்ட் கண்டதைப் பரிசோதனை முறையில் உறுதிப்படுத்தியவர் ஹாவாட் பல்கலைக்கழகத்து வோல்ட்டர் கனன். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டான 1896 இல், அவர் இன்னும் மருத்துவ மாணவர். பிசுமது உப்புக் கலந்த உணவைப் பூனைகளுக்கு ஊட்டி, இரைப்பை அலையலையாய் அசைவதைத் திரையிற் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. பூனை வெகுண்டபோதும் கலங்கியபோதும் அசைவு அடியோடு நின்றது, அமைதியுற்றதும் மீண்டது. வேறொருவர் இதனைச் சோதனையின் குறையெனத் தள்ளியிருப்பார். கனன் இவ்விடையூற்றையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அச்சம், சினம், நோவு ஆகியவற்றின்போது பரிவு நரம்புத்தொகுதியும் அதிரீனற் சுரப்பியும் உடலைப் போருக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தஞ்செய்கின்றன என்றும், அவ்வேளையிற் சமிபாடு பின்தள்ளப்படுகின்றது என்றும் 1915 இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார். இரைப்பை இயங்காது நிற்க, உணவு அதனுள்ளே தேங்குமாயின் குமட்டல் தோன்றுவதில் வியப்பில்லை. 1981 இல் மூளையின் பரிவகக்கீழிலிருந்து பிரித்தறியப்பட்ட ஓமோனொன்று, நெருக்கடிக்கு உடல் காட்டும் விடையைத் தொடக்கிவைப்பது. அவ்வோமோன் இரைப்பையை மந்தமாக்கிப் பெருங்குடலை விரைவாக்குகின்றது எனப் பின்வந்த விலங்குச் சோதனைகள் காட்டின. அஞ்சியவனுக்குக் குமட்டலும் வயிற்றோட்டமும் ஒருங்கே வருதல் இதனாற் பொருளுடையதாகின்றது.

தலைச்சுற்றின் வரலாறு இதனினுஞ் சிக்கலானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது மூளையிற் குருதி மிகுவதால் வருவதென்றே பொதுவாகக் கருதப்பட்டது. குருதியை வெளியேற்றுவதும் அட்டை விடுவதும் சிகிச்சைகளாயின. 1861 சனவரியிற் பரிசு நகரத்து மருத்துவக் கழகத்தின்முன் புறொஸ்பர் மெனியே தம் கட்டுரையை வாசித்து, உட்காதின் பழுதும் தலைச்சுற்றைத் தரும் என எடுத்துக்காட்டினார். உட்காதிலிருந்து சமநிலையுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பின் மூளை மையங்கள், வாந்தியை ஆளும் பகுதிகளோடும் தொடர்புடையன. தலைச்சுற்றும் குமட்டலும் பிரியாத் துணைகளாய் வருவது இதனாலேயாம். குமட்டலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் கப்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆனால் மூளையும் காதும் பழுதற்றிருக்கத் தலைசுற்றுவோர் நிலை யாது? ஐரோப்பிய நகரங்கள் அகன்ற வீதிகளும் பரந்த சதுக்கங்களுமாய் விரிந்துகொண்டிருந்த காலத்தில் இவ்வினா எழுந்தது. 1870 இல் வியன்னாவின் மோறிற்ஸ் பெனடிக்ற், வெட்டவெளிகளைக் கடக்கும்போது தலைசுற்றும் நோயாளிகளைப் பற்றி எழுதி, கண்ணின் தொழிற்பாட்டுக் குறையே காரணமென்றார். அடுத்து, பேர்லினில் காள் வெஸ்ற்பால் அத்தகைய மூன்று ஆடவரை ஆராய்ந்து, அவர்களிடத்து முதன்மையானது தலைச்சுற்றன்று, அச்சமே என்று வாதிட்டார். வெளியச்சத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை ஆக்கியவரும் அவரே. ஒருவர் கண்ணைப் பார்த்தார். மற்றவர் உள்ளத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்றையொன்று தூண்டக்கூடும் என்பதற்கு அவ்வாதத்தில் இடம் குறைவாகவே இருந்தது. 1895 இற் சிக்மண்ட் பிராய்ட் பதகளிப்பு நரம்புநோயை நரம்புத் தளர்ச்சியிலிருந்து பிரித்தெடுத்தபோது, தலைச்சுற்றுக்கு அதன் குறிகளுள் முக்கிய இடமொன்றை அளித்தார் என்பது மட்டும் இங்கு போதும்.

நோயின் பெயர் நோயாளியின் வாழ்வையே தீர்மானிக்கும் நிலை போர்க்களத்திலேயே மிகத் தெளிவாகத் தெரிகின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-1865) பிலடெல்பியா நகர இராணுவ மருத்துவமனையில் ஜேக்கப் மெண்டெஸ் டா கொஸ்டா ஏறத்தாழ 300 படையினரை ஆராய்ந்தார். 1871 இல் வெளிவந்த அவரது கட்டுரையில் வரும் படையினன் எளிதில் மறக்கற்பாலனல்லன். நோயுற்று மருத்துவமனை சென்று தேறித் திரும்புகின்றான். ஆயினும் முன்போல் தோழரோடு ஈடுகொடுத்து நடக்க அவனால் இயலவில்லை. மூச்சு வாங்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, தலை சுற்றுகின்றது, சமிபாடு கெடுகின்றது, உறக்கம் குலைகின்றது. பார்வைக்கோ நல்ல உடல்நலத்துடன் காணப்படுகின்றான். இந்நோயை இதயத்தின் மேலேற்றிய டா கொஸ்டா, கடும் களப்பணி, வயிற்றோட்டம், காய்ச்சல் ஆகியவற்றையே முதன்மைக் காரணங்களாகக் கணக்கிட்டார். அக்கணக்கிலே அச்சத்துக்குத் தனியிடம் இல்லை. பிரித்தானியப் படையிலோ, 1870 இல் ஆதர் மயர்ஸ் என்னும் படை மருத்துவர், நெஞ்சை இறுக்கும் சீருடையையும் தோற்பட்டிகளையுமே குறைகூறியிருந்தார்.

இம்மருத்துவர்களை அறியாமையுடையோர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இதயநோய் என்னும் பெயர் அப்படையினனுக்கு ஒரு காப்பாகவும் இருந்தது. இதயம் பழுதுற்றவன் கோழை எனப்படான். இதே தலைச்சுற்றோடும் படபடப்போடும் வந்த பெண்ணொருத்திக்கு 'இஸ்ரீரியா' என்னும் பெயரும், படித்த அலுவலருக்கு 1869 இல் ஜோர்ஜ் பியேட் பரப்பிய 'நரம்புத் தளர்ச்சி' என்னும் பெயரும் எளிதிற் கிடைத்திருக்கும். நோய்ப்பெயர்கள் உடலை மட்டும் நோக்கி இடப்பட்டனவல்ல என்பதே எமது துணிபு.

முதலாம் உலகப் போரில் இவ்வினா மீண்டும் பேருருவெடுத்தது. 1918 இல் தோமஸ் லூயிஸ் இதனை முயற்சி நோய்க்குறித்தொகுதி எனப் பெயர்மாற்றி, படிப்படியான உடற்பயிற்சியாற் போர்முனைக்குத் திரும்பத்தக்கோரைப் பிரித்தறிய முயன்றார். நீலகிரியின் குன்னூரிற் பிறந்தவரான இலண்டன் இதயநோய் மருத்துவர் போல் வூட், 1941 இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், முடிவைத் துணிந்து கூறினார். நோயின் மூலம் இதயமன்று, அச்சமே என்பது அவர் முடிவு. இதயத்திற் பழுதுண்டென்னும் நம்பிக்கை வேரூன்றியபின் படபடப்பு அச்சத்தையும், அச்சம் படபடப்பையும் வளர்க்கும் சுழற்சியை அவர் விளக்கினார். மருத்துவர் ஐயத்தோடு நெஞ்சிற் குழாயை வைத்துப் பார்ப்பதுதானும் அச்சுழற்சிக்கு எண்ணெய் வார்க்கக்கூடும்.

இவற்றுக்கு நடுவே மூச்சைப் பற்றிய ஆராய்ச்சி ஒரு பாலமாக அமைந்தது. குருதியிலுள்ள காபனீரொட்சைட்டே மூச்சை நெறிப்படுத்துகின்றது என ஹோல்டேனும் பிரீஸ்லியும் 1905 இல் நிறுவினர். அஞ்சியவர் தம்மையறியாமலே தேவைக்கு மிஞ்சி மூச்சுவிடுகின்றனர், அவ்வாயு குறைகின்றது, மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை இலேசாகிச் சுற்றுகின்றது, விரல்கள் விறைக்கின்றன. பதகளிப்புற்றோரின் உடற்குறிகள் பலவற்றை இம்மிகைமூச்சோடு தொடர்புபடுத்தி, சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் மூவர் 1937 இற் கட்டுரை வெளியிட்டனர். நோயாளியை வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் செய்து அதே தலைச்சுற்றை வரவழைத்துக் காட்டுதல் பின்னர் மருத்துவருக்குப் பழக்கமான உத்தியாயிற்று. ஆயினும் எல்லாத் தலைச்சுற்றையும் மூச்சொன்றாலே விளக்கிவிட முடியாதென்பதும் காலப்போக்கிற் புலனாயிற்று.

எஞ்சியதை விளக்க முயன்றோர் சமநிலை ஆராய்ச்சியாளரே. 1986 இல் ஜேர்மனியில் தோமஸ் பிராண்டும் மரியான் டீற்றரிச்சும் அச்சத்தோடு பிணைந்த நிலைத் தலைச்சுற்றை விவரித்தனர். 2017 இற் பாரனி சங்கம் இத்தகைய நீடித்த தலைச்சுற்றுக்கு அளவைகளை வகுத்தது. மூன்று மாதங்களோ அதற்கு மேலோ நீடிப்பதும், நிற்கும்போதும் நடக்கும்போதும் அசைவுமிக்க காட்சிகளைக் காணும்போதும் மோசமடைவதுமான இந்நோயை அச்சங்கம் உளநோயாகக் கொள்ளவில்லை. உறுப்பு பழுதுறாதிருக்கவும் சமநிலைத் தொகுதியின் தொழிற்பாடு மாறிவிட்ட நிலையாகவே கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டிலும் இது காதுநோய்களின் பகுதியிலேயே இடம்பெற்றுள்ளது. அஞ்சியவர் தம் உடல் அசைவை ஓயாது கண்காணிக்கின்றனர். தசைகளை இறுக்கி நிற்கின்றனர். கண்ணை மிகுதியாக நம்புகின்றனர். பரந்த வெளியிலோ கண் பற்றிக்கொள்ள அருகில் எதுவும் இல்லை.

வெஸ்ற்பாலின் நோயாளிகள் துணைக்கு ஒருவர் வந்தால், அல்லது கையிலொரு கோல் இருந்தால், சதுக்கத்தைக் கடக்க முடிகின்றதெனக் கூறியிருந்தனர். அக்கோல் உடலைத் தாங்குவதற்கு வேண்டப்பட்டதன்று ஆதலின், அது அச்சத்தின் விந்தைகளுள் ஒன்றாகவே கொள்ளப்பட்டது. 1994 இல் ஜெக்கா, லக்னர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், நிற்பவர் தம் விரல்நுனியால் ஒரு பொருளை மெல்லத் தொட்டாலே, அத்தொடுகை உடலைத் தாங்கும் வலிமையற்றதாயினும், உடலின் தள்ளாட்டம் குறைகின்றதென அளந்து காட்டினர்.