முன்னோர் கப்பலேறிய நாகைக் கரை

மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் இறுதியாகக் கண்ட தாயக மண் எது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு ஊர்ப் பெயர்களே விடையாக வரும். ஒன்று சென்னை, மற்றொன்று நாகப்பட்டினம். கப்பலேறிய கதையைச் சொல்லாத மூத்தோர் நம் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் இருந்ததில்லை. அக்கதைகளில் நாகை ஓர் எல்லைக்கோடாக மட்டுமே நின்றுவிடும். கரை மறைந்தது, கதையும் கடலுக்கு இப்பால் வந்துவிட்டது. நாம் விட்டு வந்த பிறகு அவ்வூர் எவ்வாறு வாழ்ந்தது, கடல் அதனை எவ்வாறு நடத்தியது என்பதை நம்மவர் பெரிதும் எண்ணிப் பார்த்ததில்லை.

புயலும் வெள்ளமும் ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கூற்று. நாகையின் வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவர்க்கு அக்கூற்று அத்துணை உண்மையாகத் தோன்றுவதில்லை. கரையில் யார் குடியிருந்தார்கள், யாருடைய நிலம் மேட்டில் இருந்தது, யாருக்கு நிலமே இல்லை என்பவற்றைப் பொறுத்தே இழப்பும் அமைந்திருக்கிறது.

பாடல் பெற்ற பட்டினம்

திருநாகைக் காரோணம் மூவர் பாடலும் பெற்ற தலம். காயாரோகணப் பெருமானும் நீலாயதாட்சி அம்மையும் அருள்பாலிக்கும் திருக்கோயில் ஊரின் நடுவே உள்ளது. திருமங்கையாழ்வார் பாடிப் பரவிய சௌந்தரராசப் பெருமாள் கோயிலும் இங்கேயே உள்ளது. அருகில் சிக்கல் சிங்காரவேலர் திருத்தலம். வடக்கே நாகூர் தர்கா. தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில். நாகூர் ஆண்டகையின் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எழுந்த கட்டடங்கள் இக்கரைக்கும் நம் கரைக்கும் இருந்த போக்குவரத்துக்கு இன்றளவும் சான்று.

கடாரத்தில் வாழும் அன்பர்கள் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதலாம் இராசராசன் காலத்தில், 1006ஆம் ஆண்டளவில், சீர்விசயத்திற்கும் கடாரத்திற்கும் உரிய மன்னன் நாகையில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தான். அதுவே சூடாமணி விகாரம். ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைச் சோழன் அதற்கு அளித்ததைச் செப்பேடுகள் கூறுகின்றன. அச்செப்பேடுகள் பின்னர் ஆலந்து நாட்டுக்குச் சென்று லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. இராசராசனின் மைந்தன் இராசேந்திரன் 1025இல் அதே கடாரத்தின்மீது படை செலுத்தினான் என்பது வேறு கதை. அரசர்களின் நட்பு அவ்வளவுதான் போலும்!

மன்னரும் வணிகரும் செப்பேட்டில் இடம்பெற்றனர். வலை வீசியவர்க்கு அவ்விடம் கிடைக்கவில்லை. அவர்களுள் ஒருவரை நாம் அறிவது சேக்கிழார் பெருமானின் அருளாலேயே. நாகைக் கடற்கரையில் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், வலையில் விழும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டு வந்தார். பிறகு கடல் வறண்டதுபோல் ஆயிற்று. நாளுக்கு ஒரு மீனே கிடைத்தது. வீட்டில் பசி இருந்தும் அவ்வொரு மீனையும் இறைவனுக்கே விட்டார். இறுதியில் பொன் மீன் ஒன்று வலையில் விழ, அதனையும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நாம் பொன் மீனை நினைவில் வைத்திருக்கிறோம். மீன் அருகிய நாள்களில் அக்குடும்பம் கிடந்த பட்டினியை அவ்வளவாக நினைப்பதில்லை. கடற்கரை மக்களோ அதை மறக்கக் கூடியவர்கள் அல்லர். ஆவணித் திங்களில் இன்றும் அவர்கள் படகில் கடலுக்குச் சென்று, பொன் மீனை இறைவனுக்குப் படைக்கும் விழாவை நடத்தி வருகின்றனர்.

கப்பலும் இரயிலும்

போர்த்துகீசியர்க்குப் பின் 1658இல் ஆலந்துக்காரர் நாகையைக் கைக்கொண்டனர். 1690இல் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகவே இவ்வூர் ஆயிற்று. 1781இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு இரயில் ஓடத் தொடங்கியது. சூடாமணி விகாரத்தின் எச்சமாக நின்று, மாலுமிகளுக்கு அடையாளமாக விளங்கிய பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பெற்றது.

இரயில்வே தொழிற்கூடம் நாகைக்கு வாழ்வளித்தது. கடலையும் வயலையும் நம்பாமல் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளர் கூட்டம் அவ்வூரில் உருவாயிற்று. ஆனால் 1920களில் அத்தொழிற்கூடத்தைத் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றினர். ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் தென்னிந்திய இரயில்வே தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றார். தொழிற்கூடத்தோடு பல குடும்பங்களும் ஊரைவிட்டுப் பெயர்ந்தன.

அதே காலத்தில்தான் நம்மவர் கூட்டங் கூட்டமாக இங்கே வந்துகொண்டிருந்தனர். தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்று புகழ்கிறோம். அந்நெல்லை விளைவித்த பண்ணையாளுக்கு அதில் உரிமை கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கடனால் ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு, ஆள் கட்ட வந்த கங்காணியின் சொல் விடுதலைச் செய்தியாகவே ஒலித்திருக்கும். நாகையை அடுத்த பாப்பாக்கோவில் முகாமில் அவர்களைத் தங்கவைத்து, உடல்நலம் சோதித்துக் கப்பலேற்றினர். நாகையில் பெரிய கப்பல் கரையை அணுக இயலாது. கடலில் எட்ட நிற்கும்; படகில் சென்றே ஏற வேண்டும். அலையில் ஆடும் படகிலிருந்து கைக்குழந்தையோடு கப்பலேணியைப் பற்றிய தாய்மார் எத்தனை பேரோ! பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாம் காத்திருந்தது. 1938இல் இந்திய அரசு இத்தகைய ஆள்சேர்ப்பைத் தடைசெய்தது. அதன் பின்னும் சொந்தச் செலவில் வந்து போவோரை 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை சுமந்தது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீவிபத்துக்கு உள்ளானதோடு அக்கடல்வழி முடிவுற்றது.

கடைமடை

கப்பலேறாமல் நின்றுவிட்டவர்களின் கதை இனித் தொடங்குகிறது.

நாகை காவிரியின் கடைமடை. ஆற்றில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை; மழை மிகுந்தால் இறுதிவரை நீரில் நிற்பதும் கடைமடையே. நிலம் தட்டையானது. ஐப்பசி, கார்த்திகை மழையின்போது கடல் பொங்கி நின்றால், ஆற்று நீர் கடலுக்குள் வடிய வழியின்றி வயலிலேயே தேங்கும். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் பாசனம் சீர்பட்டது உண்மை. ஆயினும் ஆறு கொண்டுவந்து கடலோரத்தில் சேர்த்த வண்டல் மண் அணைக்குள்ளேயே தங்கத் தொடங்கியது. வண்டலால் உருவான கழிமுகத்துக்கு வண்டல் குறைந்தால், கடல் அரிப்பதை ஈடுசெய்ய என்ன இருக்கிறது?

1952ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத்தக்கது. பண்ணையாள்களைக் காக்கும் முதல் சட்டம் தஞ்சை மாவட்டத்திற்கென அவ்வாண்டு பிறந்தது. நவம்பர் 30ஆம் நாள் நாகையைப் பெரும்புயல் தாக்கியது. சட்டம் வந்தும் குடிசை குடிசையாகவே இருந்தது. புயலுக்குக் கூரை ஓடும் ஒன்றுதான், கீற்றும் ஒன்றுதான் என்று எவரும் சொல்ல இயலாது.

பசுமைப் புரட்சி விளைச்சலைப் பெருக்கிய காலத்தில், கூலியாக அளக்கும் நெல்லைச் சற்று உயர்த்தித் தரும்படி உழவுத் தொழிலாளர் கேட்டனர். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. திருவிழா மலரில் இதனை எழுத வேண்டுமா என்று சிலர் கருதலாம். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் எவ்வகை வாழ்விலிருந்து தப்பி வந்தனர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை என்பதால் எழுதுகிறேன்.

இத்துயரத்திற்குப் பின் அப்பகுதிக்கு வந்த சர்வோதயத் தொண்டர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கித் தரும் பணியில் இறங்கினர். 1981இல் அதற்கென ‘லாப்டி’ இயக்கத்தையும் தொடங்கினர். ஆனால் 1990களில் அந்நிலங்களுக்கு வேறோர் இடர் வந்தது. கடலோர வயல்களை வாங்கி, உப்புநீர் பாய்ச்சி, ஏற்றுமதிக்காக இறால் வளர்க்கத் தொடங்கினர். பக்கத்து வயல் உவர்ந்தது. கிணற்று நீர் கரித்தது. நெல் வயலில் நாற்று நடப் பல பெண்கள் வேண்டும். இறால் பண்ணைக்குச் சில காவலர் போதும். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் கரையோரப் பாதுகாப்பு எல்லைக்குள் இருந்த பண்ணைகளை மூட ஆணையிட்டது. பின்னர் 2005இல் வந்த சட்டம் கட்டுப்பாடுகளோடு அத்தொழிலுக்கு வழிவிட்டது. கடல் தானாக வருமுன்பே மனிதர் அதனைக் குழாய் வைத்து உள்ளே அழைத்துவந்தனர் என்றே சொல்ல வேண்டும்.

பேரலையும் புயலும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை வந்த ஆழிப்பேரலை பருவநிலை மாற்றத்தால் விளைந்ததன்று. சுமத்திரா அருகே நேர்ந்த நிலநடுக்கத்தின் விளைவு. இந்நாட்டிலும் 68 உயிர்களைக் கொண்டது. பினாங்கும் கடாவின் கோலா மூடாவும் அந்நாளை மறக்கா. தமிழகத்தில் மாண்டோருள் பெரும்பாலோர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர், நாகை மாவட்டத்தினரே. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் ஆகிய மீனவர் ஊர்கள் சிதைந்தன. விசைப்படகுகள் ஊருக்குள் வந்து கிடந்தன. கரையில் மீன் பிரித்துக்கொண்டும் வீட்டிலும் இருந்த பெண்களும் பிள்ளைகளும் அதிகமாக மாண்டனர்.

பின்னர் உதவி பல திசைகளிலிருந்தும் குவிந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. வீடு உறுதியானது, ஆனால் வாசலில் நின்றபடி கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துத் தொழிலுக்குப் புறப்பட்டவர்க்கு அந்தப் பார்வை இல்லாமற் போயிற்று. படகும் வலையும் இழந்தவர்க்கு இழப்பைக் கணக்கிட முடிந்தது. உப்பேறிய வயலில் கூலி வேலை இழந்தவருக்கு எதைக் காட்டிக் கணக்குக் கேட்பது? அவர்களுக்கு உதவி தாமதமாகவே வந்து சேர்ந்தது.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் ‘கஜா’ புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. முன்னெச்சரிக்கை இருந்தது, மக்கள் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர், ஆதலால் 2004போல் உயிர்கள் போகவில்லை. அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. தென்னை நெல்லைப்போல் அடுத்த பருவத்தில் முளைப்பதன்று. மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்புக்கும் அதை நம்பியிருந்த குடும்பங்கள் ஓரிரவில் கூலிக்கு நின்றன. மீண்டும் ஊரைவிட்டுப் புறப்பட்டோர் பலர்.

வெப்பமுறும் கடல் புயலுக்கு வலிமையூட்டுகிறது என்பது அறிவியலாரின் துணிபு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உயரும் வேகமும் கூடிவருகிறது. ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். கடைமடை வயலுக்கு அந்த ஒரு சாண் போதும்: வடிகால் அடைபடும், நிலத்தடியில் உப்பு ஏறும், அடுத்த புயலின் அலை இன்னும் சற்று உள்ளே வரும்.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் விடப்பட்டது. பினாங்குக்குக் கப்பல் இல்லை. நம் நாட்டு அன்பர்கள் இப்பொழுது வானூர்தியில் திருச்சியில் இறங்கி, தரைவழியே நாகை சென்று, நீலாயதாட்சி அம்மையையும் சிக்கல் வேலவரையும் வழிபட்டு அன்றே திரும்பிவிடுகின்றனர். ஒருநாள் கூடுதலாகத் தங்கக்கூடியவர்கள் அக்கரைப்பேட்டைக் கரையில் காலையில் படகுகள் வந்து மீன் இறங்குவதைக் காணலாம். கீழ்வெண்மணி நினைவிடமும் அங்கிருந்து காரில் செல்லும் தொலைவிலேயே உள்ளது.