நிழலின் சாட்சிகள்: 1860ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணமும் மஹ்மூத் அல்-ஃபலகியும்

முழுச் சூரிய கிரகணம் எந்தவோர் ஊருக்கும் மிக அரிதாகவே வாய்க்கும் காட்சியாகும். பூமி முழுவதையும் ஒருசேர நோக்கினால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை எங்கேனும் அது நிகழ்கிறது. எனினும் ஒரே இடத்தில் வாழும் ஒருவர் அதனைக் காண்பதாயின் சராசரியாக 375 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். சந்திரனின் நிழல் விழும் பாதை அத்துணை ஒடுங்கியது. ஆகவே கிரகணத்தை ஆராய விரும்பிய வானியலாளர் அந்நிழலைத் தேடிக் கடலும் பாலையும் கடந்து பயணிக்க வேண்டியவராயினர். அத்தகைய பயணங்களுள் 1860 ஜூலை 18ஆம் நாளைய கிரகணத்தை ஒட்டி நிகழ்ந்தவற்றை நாம் இங்கு நோக்குவோம். அன்று சந்திரனின் நிழல் வட அமெரிக்காவில் தொடங்கி, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, ஸ்பெயின், அல்ஜீரியா வழியாக நூபியாவை அடைந்து செங்கடற் பகுதியில் முடிவுற்றது.

இந்நிகழ்வின் சிறப்பை விளங்கிக்கொள்ள, கிரகணம் எவ்வாறு சாட்சியத்துக்குரிய பொருளாயிற்று என்பதை முதலில் அறிதல் அவசியமாகும். கி.பி. 632 ஜனவரியில் மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மரணமடைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானமும் அத்துயரில் பங்குகொண்டதாக மக்கள் பேசத் தலைப்பட்டனர். நபியவர்களோ, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணமடைவதில்லை என்றும் தெளிவுபடுத்தித் தொழுகைக்கு வழிகாட்டினார்கள். தம் சொந்தத் துயரத்துக்குங்கூட வானத்தைச் சான்றாக ஏற்க மறுத்த அக்கூற்று, கிரகணத்தைச் சகுனத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. சகுனமாகக் கருதப்படும் ஒன்றைக் கண்டு மனிதர் அஞ்சுவர்; ஒழுங்குக்குட்பட்ட அத்தாட்சியாகக் கருதப்படும் ஒன்றை அவர்கள் அளக்கவும் துணிவர்.

அவ்வாறு அளந்தோரை வரலாறு மறக்கவில்லை. கி.பி. 977 டிசம்பர் 13ஆம் நாள் கெய்ரோவின் கராஃபா பகுதியிலுள்ள ஒரு பள்ளிவாசலில் அறிஞர் குழுவொன்று கூடிச் சூரிய கிரகணத்தை அவதானித்த செய்தியை வானியலாளர் இப்னு யூனுஸ் பதிந்துள்ளார். தனியொருவரின் கண்ணை நம்பாது பலர் கூடிக் கண்டமையே இங்கு கவனத்துக்குரியது. கி.பி. 997 மே 24ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை பக்தாதில் அபுல் வஃபாவும் குவாரிஸ்மின் காத் நகரில் அல்-பிரூனியும் முன்னேற்பாட்டின்படி ஒரே சமயத்தில் நோக்கினர். இரு நகரங்களிலும் குறிக்கப்பட்ட நேரங்களின் வேறுபாட்டிலிருந்து அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடு கணிக்கப்பட்டது. இவ்வாறு, தொலைவிலுள்ள இரு சாட்சிகளின் கூற்றுகளை ஒப்பிட்டு உண்மையை நிறுவும் முறை கிரகண ஆய்வில் வேரூன்றியது.

நேரத்தை அளப்பதற்கு இம்முறை போதுமாயிருந்தது. உருவத்தை அறிவதற்கோ கண்ணின் துணை போதவில்லை. இளமையில் சூரிய கிரகணங்களை நோக்கியதால் தம் பார்வை நலிவுற்றதாக அல்-பிரூனியே எழுதி, நீரில் தோன்றும் பிம்பத்தை நோக்குவதே நலமென்று அறிவுறுத்தினார். கிரகணத்தின் வடிவம் குறித்துத் தனி நூலே இயற்றிய இப்னுல் ஹைதம், சிறு துளையினூடாக வரும் ஒளி பிறைவடிவச் சூரியனின் பிம்பத்தை ஏன் தோற்றுவிக்கிறது என்பதை விளக்கினார். ஒளிப்படக் கருவியின் அடிப்படையான இருட்டறைத் தத்துவம் அதில் ஆராயப்பட்டது. ஆயினும் அந்தப் பிம்பம் ஒளியோடு தோன்றி ஒளியோடு மறைவது. அதனைத் தகட்டில் நிலைபெறச் செய்ய மேலும் எட்டு நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது. 1851 ஜூலை 28இல் கோனிக்ஸ்பர்க் நகரில் பெர்கோவ்ஸ்கி என்பார் எடுத்ததே சூரியனின் ஒளிமகுடத்தைக் காட்டிய முதல் வெற்றிகரமான ஒளிப்படமாகும்.

இதனிடையே ஒரு விவாதமும் வலுப்பெற்றிருந்தது. 1842ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது கரிய சந்திர வட்டத்தின் விளிம்பில் செந்நிறச் சுவாலைகள் தென்பட்டன. அவை சூரியனுக்குரியனவா, சந்திரனுக்குரியனவா, அன்றிக் கண்ணின் மயக்கமா என்பதில் அறிஞர் வேறுபட்டனர். சில நிமிட இருளில் அவசரமாக வரையப்பட்ட சித்திரங்கள் ஒன்றோடொன்று இசையவில்லை. சாட்சிகள் பலர் இருந்தும் வழக்கு முடியவில்லை.

1860இல் அதனைத் தீர்க்கும் நோக்குடன் ஆங்கிலேய வானியலாளர் குழுவொன்று ஹிமாலயா என்னும் கப்பலில் ஸ்பெயின் நோக்கிப் புறப்பட்டது. அதில் சென்ற வாரன் டி லா ரூ, சூரியனைப் படமெடுப்பதற்கென்றே அமைக்கப்பட்ட கியூ அவதான நிலையத்தின் கருவியை ரிவாபெய்யோசா என்னும் சிற்றூரில் நிறுவினார். அக்காலத்து ஈரத் தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மீது இரசாயனக் கலவையைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே கழுவி முடித்தல் வேண்டும். இதனால் இருட்டறையும் இரசாயனங்களும் பயணத்தில் உடன் செல்ல வேண்டியிருந்தன. முழு மறைப்பு நீடித்த மூன்று நிமிட அளவான காலத்துள் அவர் இரு ஒளிப்படங்களை எடுத்தார். அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலருகிலுள்ள தெசியெர்த்தோ தெ லாஸ் பால்மாஸ் மலையில், ரோமிலிருந்து சென்ற அஞ்சலோ செக்கியின் குழுவும் படமெடுத்தது.

சந்திரன் நகர நகர, அது முன்னேறும் பக்கத்திலிருந்த சுவாலைகள் மறைக்கப்பட்டதையும் எதிர்ப்பக்கத்திலிருந்தவை மேலும் வெளிப்பட்டதையும் டி லா ரூவின் தகடுகள் காட்டின. அவை சந்திரனுக்குரியனவாயின் அதனோடு சேர்ந்தே நகர்ந்திருக்கும். கண்ணின் மயக்கமோ வளிமண்டலத்தின் விளைவோ ஆயின் இரு இடங்களிலும் ஒரே வடிவில் தோன்றியிரா. இரு குழுவினரின் படங்களும் இசைந்தன. சுவாலைகள் சூரியனுக்கே உரியன என்பது உறுதியாயிற்று. பக்தாதும் காத்தும் நேரத்தை ஒப்பிட்ட அதே முறை இங்கு உருவத்துக்குப் பயன்பட்டது எனலாம்.

கிரகண வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆனால் நிழல் ஸ்பெயினுடன் நின்றுவிடவில்லை. நூபியாவில் நைல் நதிக்கரையிலுள்ள தோங்கோலாவில் அதனை எதிர்கொள்ள ஒரு முஸ்லிம் வானியலாளர் காத்திருந்தார். அவரே மஹ்மூத் அல்-ஃபலகி (1815–1885). பாரிஸில் பல ஆண்டுகள் வானியல் பயின்று திரும்பியிருந்த அவரை எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் ஸஈத் பாஷா இப்பணிக்கென அனுப்பினார். அவரது அவதானங்கள் அடங்கிய அறிக்கை 1861இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று.

அல்-ஃபலகிக்குக் கிரகணம் புதிய பொருளன்று. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபு நாட்காட்டி குறித்து 1858இல் அவர் வெளியிட்ட ஆய்வில், இப்ராஹீம் மரணித்த நாளைய கிரகணத்தின் தேதியை வானியல் கணிப்பால் நிர்ணயித்து, அதனை ஓர் ஆதாரப் புள்ளியாகக் கொண்டிருந்தார். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய நிழலொன்றைக் கணித்த அதே மனிதர், இரண்டாண்டுகளின் பின் நிகழ்கால நிழலொன்றைத் தேடி நைல் வழியே தெற்கு நோக்கிச் சென்றார். ஹதீஸ் அறிவிப்பும் வானியல் கணிப்பும் அவரிடத்தில் பகைகொள்ளவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் நிலைமை மாறியிருந்தது. 1882 மே 17ஆம் நாளைய கிரகணத்தைக் காண பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் வானியலாளர் எகிப்தின் ஸோஹாஜில் கூடினர். ஒன்றரை நிமிடத்தையும் எட்டாத அந்த இருளில் ஆர்தர் ஷூஸ்டர் எடுத்த படத்தில், அதுவரை அறியப்படாத வால்வெள்ளி ஒன்று சூரியனருகே பதிவாயிற்று. விருந்தோம்பிய ஆட்சியாளர் தவ்ஃபீக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இரு மாதங்களுக்குள், ஜூலை 11இல், பிரிட்டிஷ் கடற்படை அலெக்சாண்ட்ரியாவின்மீது குண்டு பொழிந்தது. செப்டம்பரில் எகிப்து ஆக்கிரமிக்கப்பட்டது. இப்னு யூனுஸின் நாடு வானியலில் விருந்தோம்பும் மண்ணாக மட்டும் அறியப்படலாயிற்று. ஆட்சியாளரின் பெயர் வால்வெள்ளிக்குக் கிட்டியது; தோங்கோலாவின் சாட்சியோ நினைவின் ஓரத்துக்கு ஒதுங்கியது.

2027 ஆகஸ்ட் 2ஆம் நாளுக்குக் கணிக்கப்பட்டுள்ள முழுச் சூரிய கிரகணத்தின் பாதை, தெற்கு ஸ்பெயின், மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, எகிப்தின் லக்சோர், ஜித்தா, மக்கா, யெமன் எனச் செல்கின்றது. முஸ்லிம்கள் வாழும் நாடுகளே அதன் பெரும்பகுதி. அத்தகைய வேளையில் தொழுகை ஒரு கடப்பாட்டை உணர்த்துகின்றது. அளவீடும் ஒளிப்படமும் வேறொரு கடப்பாட்டை உணர்த்துகின்றன. ஒன்றிற்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்குக் கராஃபாவின் பள்ளிவாசலில் கூடிய அறிஞர்களே சான்றாவர். பிறர் நிறுவும் கருவிகளுக்கு இடமளிப்பது விருந்தோம்பல். தாமும் கண்டு, அளந்து, பதிந்து, பிறரின் பதிவோடு ஒப்பிடுவதே சாட்சியம். மஹ்மூத் அல்-ஃபலகியை தோங்கோலாவுக்கு இட்டுச்சென்றது இப்பொறுப்பேயாகும்.