கடல்நீர்த் தொட்டியின் மணற்படுகை

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, பவள உயிர்களையும் மீன்களையும் அதில் வாழவைக்கும் கலை தோன்றி ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இந்தக் காலம் முழுவதிலும், தொட்டியின் அடியில் கிடக்கும் மணலைப் பற்றிய அபிப்பிராயம் மாறியதுபோல் வேறெதைப் பற்றிய அபிப்பிராயமும் மாறியதில்லை. முதலில் வெறும் அலங்காரமாகவும், பின்னர் அழுக்கின் உறைவிடமாகவும் எண்ணப்பட்ட மணல், உயிருள்ள ஒரு படுகை என்று உணரப்பட்டது அண்மைக் காலத்தில்தான்.

1846-ல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீயிலிருந்து அன்னா தின் என்ற சீமாட்டி, சிறு பவள உயிர்கள் சிலவற்றை ஒரு ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். புதுக் கடல்நீருக்கு அடிக்கடி ஆளனுப்ப இயலாத நிலையில், இருக்கும் நீரையே திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்து, அதில் காற்றுக் கலக்கும்படி ஏற்பாடு செய்தார். சலிப்பூட்டும் அவ்வேலையை வீட்டுப் பணிப்பெண்ணான ஒரு சிறுமி விளையாட்டாகவே செய்துவந்தாளாம். மறு ஆண்டு கடற்பாசிகளையும் அவர் நீரில் சேர்த்தார். பின்னர் 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டதும், மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி நூல் வெளியிட்டதும், இந்த மோகத்தை இல்லந்தோறும் பரப்பின. தாவரம் பிராணவாயுவைத் தருகிறது, பிராணி அதை உட்கொள்கிறது என்ற சமநிலைத் தத்துவத்தை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் மணலுக்கும் அந்தச் சமநிலைக்கும் சம்பந்தமுண்டு என்று அவர்கள் கருதவில்லை.

அந்தச் சம்பந்தத்தை விளக்கும் சாஸ்திரம் 1890 வாக்கில் பிறந்தது. மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன என்பதை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி நிரூபித்தார். இருபதாம் நூற்றாண்டின் மத்தியில், துளையிட்ட தகட்டின்மேல் சரளையைப் பரப்பி, காற்றுக் குமிழிகளின் விசையால் நீரை அதனூடே இழுக்கும் வடிகட்டி பரவியபோது, உண்மையில் வேலை செய்தவை சரளையில் குடியேறிய இந்நுண்ணுயிர்களே. மீன்கள் பிழைத்தன. எனினும் நைட்ரேட் நாளுக்கு நாள் நீரில் சேர்ந்துகொண்டே போயிற்று. சரளையில் மண்டிய கசடு பவள உயிர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், வடிகட்டியே வேண்டாம், கடலிலிருந்து உயிரோடு எடுத்த கற்களும் சூரிய ஒளியும் சிறிது காற்றும் போதும் என்று 1961-ல் எழுதினார். பின்னர் பெர்லின் நகரத்து அன்பர்கள் உயிர்க்கற்களோடு, நுரையின் வழியே அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவியையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தனர். அதைப் பின்பற்றியவர்களில் பலர் தொட்டியின் அடித்தளத்தை வெறுமையாகவே விட்டனர். கண்ணுக்கு அது அழகன்று. ஆயினும் பவளம் வளர்ந்தது.

மணலுக்கு மறுவாழ்வு அளித்தவர் நீஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் ழான் ஜோபேர். தொட்டியின் அடியில் சிறிதளவு நீர் தேங்கி நிற்கும் இடைவெளி விட்டு, அதன்மேல் துளைத் தகடு பரப்பி, தகட்டின்மீது பருமணலைக் கனமான படுகையாக இட்டார். நீரை எந்த விசையாலும் அதனூடே இழுக்கவில்லை. மேல்மணலில் பிராணவாயு உண்டு. கீழே போகப்போக அது அருகுகிறது. அருகிய இடத்து நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றுகின்றன. மொனாக்கோ கடலாராய்ச்சி நிலையத்தில், ஜிபூத்தியிலிருந்து கொணர்ந்த பவளங்களை இம்முறையிலேயே 1989 முதல் வளர்த்துக் காட்டினர்.

முதிர்ந்த படுகையைக் கண்ணாடியின் பக்கவாட்டில் உற்று நோக்கினால் இவ்வளவும் தெரியும்: மேலே வெளுத்த மணல், அதில் நூல்போன்ற புழுக்களின் வளைகள், அதன்கீழ்ச் சாம்பல் நிறம், இடையிடையே ஊசிமுனையளவு குமிழிகள், ஆழத்தில் ஆங்காங்கே கருந்திட்டுகள். கருந்திட்டைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயு எழும். அது மீன்களுக்கு நஞ்சு.

1990-களில் அமெரிக்க உயிரியலாளர் ரான் ஷிமெக் முதலானோர், அடித்தட்டு இல்லாமலே, மிக நுண்ணிய மணலை நான்கு அங்குலத்துக்கு மேல் இட்டு, புழுபூச்சிகளையே உழவர்களாக விட்டுவிடலாம் என்றனர். கசடும் பாஸ்பேட்டும் நாளடைவில் அதில் தங்கிவிடும் என்று எதிர்த்தோரும் உண்டு. எதிர்த்தோர் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பவளப் பாறையைக் கொறித்து வெண்மணலாகக் கழிக்கும் கிளிமீன்கள் உலவும் கடலில், மணலில்லாத பாறைத்தொடர் ஏது? மணலை ஒதுக்கிய தொட்டி கடலின் பாதியை ஒதுக்கிய தொட்டி என்பதே என் துணிபு.

ஆகவே, ஆண்டுகள் பல கடந்த தொட்டியில் மணல் குறைந்துபோய்ப் புதிதாகச் சேர்க்க விரும்புவோர், ஒரு ஜீவசமூகத்தின்மேல் கைவைக்கிறோம் என்பதை மறத்தலாகாது. ஒரே நாளில் முழுவதையும் கொட்டினால் பழைய படுகையின் உயிர்கள் மூச்சடைத்து மடியும். மடிந்தவை அழுகி அமோனியா பெருகும். மணலைக் கலங்கல் தீரும்வரை அலசி, நீரோட்டக் கருவிகளை நிறுத்தி, அடிவரை இறக்கிய அகன்ற குழாய் வழியே மெல்ல விட வேண்டும். பவளங்களின்மேல் படாமல், ஒரு தடவைக்கு ஒரு மூலையில் விரற்கனம் போதும். அடுத்த பகுதிக்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, ஒரு பிடி பழைய மேல்மணலைப் புதியதன்மேல் தூவலாம். ஆழத்து மணலைக் கிளறவே கூடாது. இவ்வளவும் செய்த பின்னரும், புதுமணல் நைட்ரேட்டைப் போக்கும் அளவுக்கு முதிர மாதங்கள் பல செல்லும்.